பாதாள வழிகளும் பதிகப் பாட்டுக்களும்

தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலைகளில் இராவணன் சரிதத்தைத் தொடங்கும் ஆசிரியர், பாடம் பாதியாகுமுன் ஒரு வினாவை எதிர்பார்க்கலாம். அவனுடைய சுரங்கம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதே அது. எல்லவிலுள்ள இராவணன் குகையும், வெலிமடைப் பக்கத்து இஸ்திரிபுரக் குகையும், சீதா எலியவும் நிலத்தின்கீழ் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டுள்ளன என்பது இம்மலைநாட்டிலே வழங்கும் கதை. யாழ்ப்பாணத்தாரும் நிலாவரைக் கிணற்றில் இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்பர். ஆங்கு நிலம் சுண்ணக்கல்லாதலின், நீர் கல்லைக் கரைத்து வழிசெய்தல் கூடும். அக்கதைக்கு ஒரு சிறு பற்றுக்கோடாயினும் உண்டு. நம் மலைப்பாறையோ பெரும்பாலும் அங்ஙனம் கரைவதன்று.

அது நிற்க. இத்தகைய கதைகள் பிள்ளைகளை ஈர்ப்பது யாது பற்றி? இருளின் முடிவு காணப்படாமை பற்றியே என்பது எமது துணிபு. குகைவாயிலில் நிற்பவன் பத்தடி காண்கின்றான். எஞ்சியதனை மனம் தானே கட்டிக்கொள்கின்றது. அச்சமும் ஆசையும் ஒருங்கே எழுகின்றன. பொய்யென்று அதட்டி வாய்மூடுவித்தலால் அவ்வாசை அடங்காது. யாமும் அதட்டிப் பார்த்தவரே.

சைவ ஆசிரியர்க்கோ இவ்விடத்து உதவும் பொருள் கைவசம் உண்டு. திருஞானசம்பந்தர் பதிகங்களுள் மிகப் பலவற்றில் எட்டாம் பாட்டு இராவணனையும், ஒன்பதாம் பாட்டு அடிமுடி தேடிய வரலாற்றையும் கூறும். இரண்டும் கீழ்நோக்கிய கதைகள். கயிலையைப் பெயர்க்கப் புகுந்தவன் திருவிரல் ஊன்றப்பட்டு மலைக்கீழ் நெரிந்தான். அங்குக் கிடந்து இசைபாடி வாளும் பெயரும் பெற்றான். திருமால் பன்றியாகி மண்ணை அகழ்ந்தும் அடிகாணாது மீண்டார். அவர் அகழ்ந்த வழி அரித்துவாரமங்கலத்தில் உள்ளதென்று தலவரலாறு கூறும். தேவாரத்தில் அப்பதியின் பெயர் அரதைப்பெரும்பாழி; இறைவர் பாதாளேசுவரர்.

பிள்ளைகளின் இராவணன் மலையைக் குடைந்து பிறர் மனைவியையும் பொன்னையும் ஒளிப்பவன். பதிகத்து இராவணனோ அதே மலையிருளில், ஒளிப்பதற்கு ஒன்றுமின்றிக் கதறியவன். இவ்விருவரையும் அருகருகே நிறுத்திக் காட்டினால், எட்டாம் பாட்டை மனனஞ் செய்யச் சோம்பும் மாணவனும் நிமிர்ந்திருத்தலைக் கண்டிருக்கின்றோம்.

இனி, மெய்யான சுரங்கம் இவ்வூரிலேயே உண்டு. 2012 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மேல் கொத்மலை மின்திட்டத்தின் அணை தலவாக்கலையில் உள்ளது. அங்குத் தேக்கிய ஆற்றுநீர் ஏறக்குறைய 13 கிலோமீற்றர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே நியம்கம்தொரவிலுள்ள நிலக்கீழ் மின்னிலையத்தை அடைந்து, 150 மெகாவாற்று மின்வலுவைப் பிறப்பிக்க வல்லது. இராவணன் சுரங்கத்தை நாடும் சிறுவர் பலர் இதனை அறியார்.

இதனினும் பழையது ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடைப்பட்ட சிங்கமலைச் சுரங்கம். 1885 இல் நானுஓயா வரை திறக்கப்பட்ட இருப்புப்பாதைக்காகக் குடையப்பட்ட அது அரைக் கிலோமீற்றரிற் சிறிது மிக்கது. புகைவண்டி உள்ளே புகுந்தவுடன் பிள்ளைகள் யாவரும் ஒருங்கே கூவுவர், கூவட்டும். வெளிச்சம் வந்தபின், இதனைக் குடைந்தவர் யாரென்று வினவுக. துரைமார் என்பர் சிலர். இராவணன் என்பான் ஒருவன். அக்காலத்து இருப்புப்பாதை வேலைக்குக் கடல்கடந்து வந்த தமிழ்த் தொழிலாளரைப் பெயர்சுட்டாமலேனும் குறிப்பிட்ட பிள்ளையை யாம் இதுகாறும் கண்டிலேம்.