கையடக்கத் தொலைபேசி மேலோடியின் முகப்பில் புத்தகக்குறிகளையும் குறுக்குவழிகளையும் ஒழுங்கமைத்தல்

பாடம்: தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் (க.பொ.த. சாதாரண தரம்)
அலகு: இணையமும் இணைய மேலோடியும்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• புத்தகக்குறி எதனைச் சேமிக்கிறது என்பதை விளக்குவீர்கள்.
• புத்தகக்குறி, குறுக்குவழி, வரலாறு, பதிவிறக்கிய பக்கம் ஆகியவற்றை வேறுபடுத்துவீர்கள்.
• முகவரி ஒன்றை வாசித்து அதன் உரிமையாளரை இனங்காண்பீர்கள்.
• தேவைக்கேற்ப மேலோடியின் முகப்பை ஒழுங்கமைப்பீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டில், ஒருபுறம் இந்து சமுத்திரமும் மறுபுறம் புத்தளம் களப்பும் சூழ அமைந்த கரையோரக் கிராமம் தலவில. மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் நடைபெறும் புனித அன்னம்மாள் திருத்தலத் திருவிழாக்களுக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் இங்கு வருவர். ஏனைய நாட்களில் இக்கரையின் முக்கிய தொழில் மீன்பிடியாகும். தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் இக்கடல் கொந்தளிப்பாக இருக்கும்.

இக்கிராமத்துக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒரே ஒரு கையடக்கத் தொலைபேசி. அதிகாலையில் கடலுக்குச் செல்லும் தந்தைக்கு வானிலை அறிக்கை வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் மகளுக்குப் பாடநூல்களும், பின்னர் பெறுபேறும் வேண்டும். ஒவ்வொரு முறையும் தேடுபொறியில் சொல்லைத் தட்டெழுதித் தேடினால் நேரமும் டேட்டாவும் வீணாகும். தவறான தளத்துக்குச் செல்லவும் நேரிடலாம். இதற்குத் தீர்வாக அமைவன புத்தகக்குறியும் குறுக்குவழியும் ஆகும்.

2. புத்தகக்குறி என்றால் என்ன?

மீண்டும் பார்க்க விரும்பும் இணையப் பக்கமொன்றின் முகவரியை, அதாவது சீர்மை வள இடங்காட்டியை (யூ.ஆர்.எல்), ஒரு பெயருடன் மேலோடியில் சேமித்து வைத்தல் புத்தகக்குறி எனப்படும்.

இவ்வரைவிலக்கணத்தில் "முகவரியை" என்னும் சொல்லே முக்கியமானது. புத்தகக்குறி பக்கத்தின் உள்ளடக்கத்தைச் சேமிப்பதில்லை. நண்பனின் வீட்டு முகவரியைக் கொப்பியில் எழுதி வைத்தால் வீடு உங்கள் கொப்பிக்குள் வந்துவிடாது அல்லவா? அது போலவே இதுவும். ஆகவே,
• புத்தகக்குறியைத் திறக்க இணைய இணைப்பு தேவை.
• பக்கம் புதுப்பிக்கப்பட்டிருந்தால் புதிய உள்ளடக்கமே தோன்றும்.
• அப்பக்கம் நீக்கப்பட்டாலோ வேறு முகவரிக்கு மாற்றப்பட்டாலோ, "பக்கம் காணப்படவில்லை" எனப் பொருள்படும் 404 என்னும் வழுச் செய்தி தோன்றக்கூடும்.

3. வளர்ச்சி – சுருக்கமாக

1993 இல் வெளிவந்த மொசைக் மேலோடியில் இவ்வசதி "ஹொட்லிஸ்ட்" எனப்பட்டது. நெற்ஸ்கேப் இதனைப் "புக்மார்க்" என்றது. 1995 இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் "ஃபேவரிட்ஸ்" (விருப்பத் தளங்கள்) என்றது. பெயர்கள் வேறாயினும் தொழில் ஒன்றே.

சாதாரண பொத்தான் தொலைபேசிகளிலும் இயங்கிய ஒபேரா மினி மேலோடி 2006 ஜனவரியில் உலகெங்கும் வெளியிடப்பட்டது. தளங்களைச் சிறு கட்டங்களாக முகப்பில் அடுக்கும் "ஸ்பீட் டயல்" முறையை ஒபேரா நிறுவனம் 2007 இல் தனது கணினி மேலோடியில் அறிமுகப்படுத்தியது. பின்னர் இம்முறை தொலைபேசிகளுக்கும் வந்தது. இணையத்தளக் குறுக்குவழியை நேரடியாகத் தொலைபேசித் திரையிலே வைக்கும் வசதி 2008 இல் ஐபோனுக்குக் கிடைத்தது.

4. ஒத்தவை போலத் தோன்றும் நான்கு

(அ) புத்தகக்குறி – முகவரி, மேலோடியின் உள்ளே சேமிக்கப்படும். பயனர் விரும்பிச் சேர்ப்பது.
(ஆ) முகப்புத் திரைக் குறுக்குவழி – இதுவும் முகவரியே. ஆனால் தொலைபேசியின் திரையில் சின்னமாகத் தோன்றும். ஒரே தொடுகையில் திறக்கும்.
(இ) வரலாறு – சென்ற பக்கங்களின் பட்டியல். மேலோடி தானாகவே பதிவது.
(ஈ) பதிவிறக்கிய பக்கம் – உள்ளடக்கத்தின் பிரதி. இணைப்பு இன்றியும் வாசிக்கலாம். ஆனால் பதிவிறக்கிய வேளையில் இருந்த தகவலே அதில் இருக்கும்.

இவ்வேறுபாடு புள்ளிக்காக மட்டும் கற்கவேண்டியதன்று. வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பிரதேசங்களுக்கான வானிலை அறிக்கையை மூன்று மொழிகளிலும் திகதியும் நேரமும் இட்டு வெளியிடுகிறது. தலவிலக் குடும்பம் நேற்றைய அறிக்கையைப் பதிவிறக்கி வைத்து, இன்று காலை அதனையே வாசித்தால் நேற்றைய காற்றை நம்பிப் படகு புறப்படும். அறிக்கைப் பக்கத்துக்குப் புத்தகக்குறி இட்டு, இணைப்புள்ள கரையில் நின்று திறந்தால் இன்றைய அறிக்கை கிடைக்கும். எனினும் புத்தகக்குறியைத் திறந்ததும் அறிக்கையின் திகதியை முதலில் பார்க்க வேண்டும். மாறாகப் பாடநூல் போன்று அடிக்கடி மாறாத ஆவணத்தைப் பதிவிறக்கி வைப்பதே சிக்கனமானது.

5. சேமிக்கு முன் முகவரியை வாசியுங்கள்

போலிப் பக்கமொன்றுக்குப் புத்தகக்குறி இட்டால், ஒவ்வொரு தொடுகையிலும் அப்போலிப் பக்கத்துக்கே செல்வீர்கள். ஆகவே முகவரிச் சட்டத்தை வாசிக்கப் பழக வேண்டும்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் ஆள்களப் பெயர் "மீற்றியோ.கவ்.எல்கே" ஆகும். ஆள்களப் பெயரை வலமிருந்து இடமாக வாசிக்க.
• எல்கே – இலங்கைக்குரிய உயர்மட்ட ஆள்களம். 1990 முதல் பயன்பாட்டில் உள்ளது. ".இலங்கை" எனத் தமிழிலும் உயர்மட்ட ஆள்களம் 2010 இல் வழங்கப்பட்டது.
• கவ் – அரச நிறுவனம் என்பதைக் குறிக்கும்.
• மீற்றியோ – நிறுவனம் தெரிவுசெய்த பெயர்.

"மீற்றியோ.கவ்.எல்கே.கொம்" என ஒரு முகவரி வந்தால்? இதன் வலது அந்தம் "கொம்". ஆகவே இது அரச தளமன்று. நமக்குப் பழகிய பெயரை இடப்பக்கத்தில் வைத்து ஏமாற்றுவது போலித் தளங்களின் வழக்கமான உத்தி.

ஆனால் "கவ்" இல்லாதவை யாவும் போலி எனவும் முடிவு செய்யக்கூடாது. பரீட்சைத் திணைக்களத்தின் உத்தியோகபூர்வத் தளம் "டொனெற்ஸ்.எல்கே" ஆகும். பெறுபேறுகளை "எக்ஸாம்ஸ்.கவ்.எல்கே" என்னும் முகவரியிலும் பார்க்க முடியும். எனவே குறுஞ்செய்தியில் வந்த இணைப்பை அப்படியே சேமிக்காமல், திணைக்களத்தின் அறிவித்தலில் உள்ள முகவரியைத் தட்டெழுதிச் சேமியுங்கள். ஐயம் ஏற்படின் பரீட்சைத் திணைக்களத்தின் 1911 என்னும் இலக்கத்துடன் தொடர்புகொள்ளலாம்.

குறிப்பு: முகவரியின் தொடக்கத்தில் உள்ள "எச்.ரி.ரி.பி.எஸ்" என்பது, தொலைபேசிக்கும் சேவையகத்துக்கும் இடையே தரவு மறைகுறியாக்கப்பட்டுச் செல்வதைக் காட்டும். தளத்தின் உரிமையாளர் நேர்மையானவர் என்பதற்கு அது சான்றாகாது.

6. செய்முறை

பின்வரும் படிமுறைகள் அன்ட்ரொயிட் தொலைபேசியின் குரோம் மேலோடிக்குரியவை. பதிப்புக்கேற்பச் சொற்களும் இடமும் சற்று மாறலாம்.

(அ) புத்தகக்குறி இடல்
1. பக்கத்தைத் திறந்து முகவரியைச் சரிபார்க்க.
2. மூன்று புள்ளிகள் கொண்ட பட்டியைத் தொடுக.
3. நட்சத்திரச் சின்னத்தைத் தொடுக.
4. புத்தகக்குறிப் பட்டியலுக்குச் சென்று, திருத்து என்பதைத் தெரிவுசெய்து பெயரை மாற்றுக.

(ஆ) முகப்புத் திரையில் குறுக்குவழி இடல்
1. அதே பட்டியில் "முகப்புத் திரையில் சேர்" என்பதைத் தெரிவுசெய்க.
2. குறுகிய பெயர் இட்டுச் சேர்க்க.

(இ) மேலோடியின் முகப்புப் பக்கத்தை மாற்றல்
1. அமைப்புகளில் "முகப்புப் பக்கம்" என்பதைத் திறக்க.
2. விரும்பிய முகவரியை உள்ளிடுக. பின்னர் வீட்டுச் சின்னத்தைத் தொடும்போது அப்பக்கம் திறக்கும்.

ஒபேரா மினியில் முகப்பிலுள்ள கூட்டற் குறியைத் தொட்டுப் புதிய கட்டத்தைச் சேர்க்கலாம். ஐபோனின் சஃபாரியில் பகிர்வுச் சின்னத்தின் கீழ் இவ்வசதிகள் உள்ளன.

கவனிக்க: "முகப்புப் பக்கம்" என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று, இணையத்தளமொன்றின் முதற்பக்கம். மற்றையது, மேலோடியில் நாம் முகப்பாக அமைக்கும் பக்கம். வினாவில் எது கேட்கப்படுகிறது எனப் பார்த்து விடை எழுதுக.

7. எவற்றை, எவ்வாறு அடுக்குவது?

முகப்பில் இருபது சின்னங்கள் இருந்தால் அங்கேயும் தேட வேண்டி வரும். தலவிலக் குடும்பத்தின் தொலைபேசிக்குப் பின்வரும் ஒழுங்கு பொருத்தமானது.

தொலைபேசித் திரையில்: "கடல் வானிலை" என்னும் குறுக்குவழி மட்டும். புத்தளம் முதல் மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பே இவர்கள் அறிக்கையில் பார்க்கவேண்டிய பகுதி. தந்தை விடியும் முன் இருளில் திறப்பது. எனவே ஒரே தொடுகை போதுமாக இருக்க வேண்டும்.

"படிப்பு" என்னும் கோப்புறையில்: கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல் பக்கம், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ, பரீட்சைத் திணைக்களம்.

பெயரிடும்போது "ஹோம்", "வெல்கம்" எனத் தளம் தரும் பெயரை அப்படியே விடாது, வீட்டில் எல்லோரும் விளங்கும் தமிழ்ப் பெயரை இடுக. பெயரை மாற்றுவதால் முகவரி மாறாது. அறிக்கைப் பக்கத்துடன் தளத்தின் முதற்பக்கத்துக்கும் ஒரு புத்தகக்குறி இட்டு வைப்பது நன்று. உட்பக்கத்தின் முகவரி மாறி 404 தோன்றினால், முதற்பக்கத்தின் வழியே சென்று புதிய முகவரியைச் சேமிக்கலாம்.

புத்தகக்குறிகள் தொலைபேசியிலேயே இருப்பதனால், கணக்கொன்றுடன் ஒத்திசைவு செய்யப்படாவிடின் தொலைபேசி தொலையும்போது அவையும் தொலையும். முக்கிய முகவரிகளைக் கொப்பியிலும் எழுதி வையுங்கள்.

8. மாதிரி வினாக்கள்

1. புத்தகக்குறி ஒன்றில் சேமிக்கப்படுவது,
(1) பக்கத்தின் படங்கள் (2) பக்கத்தின் முகவரி (3) பயனரின் கடவுச்சொல் (4) பக்கத்தின் முழு உள்ளடக்கம்

2. தொலைபேசியில் இணைய இணைப்பு இல்லாதபோதும் வாசிக்கக்கூடியது எது?
(1) புத்தகக்குறி இட்ட பக்கம் (2) குறுக்குவழி இட்ட பக்கம் (3) பதிவிறக்கிய பக்கம் (4) வரலாற்றில் உள்ள பக்கம்

3. மீனவர் ஒருவர் வானிலை அறிக்கையைப் பதிவிறக்கி, மறுநாள் அதனையே பயன்படுத்துகிறார்.
(i) இதிலுள்ள ஆபத்து யாது?
(ii) இதற்கு மாற்றாக ஒரு வழியைக் காரணத்துடன் தருக.

விடைகள்
1. (2)
2. (3)
3. (i) பதிவிறக்கிய பிரதி தானாகப் புதுப்பிக்கப்படாது. கடல்நிலை மாறியிருந்தாலும் அவர் அதனை அறியமாட்டார்.
(ii) அறிக்கைப் பக்கத்துக்குப் புத்தகக்குறி அல்லது குறுக்குவழி இட்டு, புறப்படு முன் இணைப்புடன் திறந்து திகதியைச் சரிபார்த்தல். புத்தகக்குறி முகவரியையே சேமிப்பதால், திறக்கும்போது அப்பக்கத்தில் உள்ள அண்மைய தகவல் கிடைக்கும்.

பரீட்சைக் குறிப்பு: 3 (ii) போன்ற வினாவில் "புத்தகக்குறி இடல்" என்று மட்டும் எழுதினால் விடை நிறைவு பெறாது. "காரணத்துடன்" எனக் கேட்கப்பட்டால் காரணத்தையும் எழுதுக.

செயற்பாடு: இன்று உங்கள் வீட்டுத் தொலைபேசியில் உள்ள புத்தகக்குறிகளைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றின் ஆள்களப் பெயரையும் வலமிருந்து இடமாக வாசியுங்கள். யாருடையது எனச் சொல்ல முடியாதவற்றை நீக்குங்கள். பின்னர் வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம், அவருக்கு நாள்தோறும் தேவைப்படும் பக்கம் எதுவெனக் கேட்டு, அதனை முதலாவதாக இடுங்கள்.