பழைய ஸ்பீக்கரில் கம்பியில்லாப் பாட்டு: வணிகர்களுக்கு ஒரு பாடம்

நம் வணிகர்கள் பலர் வீட்டில் ஒரு பழைய ஸ்டீரியோ செட் இருக்கும். 1980களிலும் 1990களிலும் ஆசையோடு வாங்கிய ஆம்ப்ளிபையரும், மரப்பெட்டிக்குள் அமைந்த இரண்டு ஸ்பீக்கர்களும் இன்று பரணில் தூசி படிந்து கிடக்கின்றன. கேசட் டெக் ஓடவில்லை என்பதற்காக முழு செட்டையும் காயலான் கடைக்கு எடை போட்டுவிடுபவர் உண்டு. அது நஷ்ட வியாபாரம். கெட்டது டெக் மட்டுமே. ஆம்ப்ளிபையரும் ஸ்பீக்கரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சில நூறு ரூபாயில் ஒரு சிறு கருவியை இணைத்தால் செல்போன் பாட்டு அதே ஸ்பீக்கரில் கேட்கும். அதன் வழிமுறையையும், கடையில் பாட்டுப் போடுமுன் அறிய வேண்டிய சட்டத்தையும் பார்ப்போம்.

1. முதலில் சரக்கைச் சோதியுங்கள்

ஸ்பீக்கர் வயரை ஆம்ப்ளிபையரிலிருந்து கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு பேனா டார்ச் பேட்டரியின் இரு முனைகளில் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். "கறக்" என்று சத்தம் வந்தால் ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறது. அடுத்து, கூம்பைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் வளையத்தைப் பாருங்கள். அது பொடிந்து உதிர்ந்திருந்தால் பாட்டு கரகரக்கும். அந்த வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். புது ஸ்பீக்கர் வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை: பழைய வால்வு ரேடியோக்கள் சிலவற்றில் உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்துக்கே மெயின் கரண்ட் வரும். அத்தகைய செட்டில் எந்த வயரையும் நாமாகச் செருகக் கூடாது. அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே தொட வேண்டும்.

2. எந்தக் கருவி?

இரண்டு வகை உண்டு.

முதலாவது புளூடூத் ரிசீவர். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். 5 வோல்ட் சார்ஜரில் ஓடும். செல்போனிலிருந்து சுமார் 30 அடி தூரம்வரை பாட்டை வாங்கும். இடையில் சுவரோ இரும்பு ரேக்கோ இருந்தால் தூரம் குறையும். வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். 'டிரான்ஸ்மிட்டர்' என்பது பாட்டை அனுப்பும் கருவி. நமக்கு வேண்டியது பாட்டை வாங்கும் 'ரிசீவர்'.

இரண்டாவது வைஃபை வகை. வீட்டு இன்டர்நெட்டிலிருந்து பாட்டை இதுவே நேராக எடுத்துக்கொள்ளும். செல்போனோடு நாம் வெளியே போனாலும் பெரும்பாலும் பாட்டு நிற்காது. ஆனால் விலை கூடுதல், கம்பெனியின் தயவும் வேண்டும். 2015இல் கூகுள் கொண்டுவந்த குரோம்காஸ்ட் ஆடியோ என்னும் கருவியின் உற்பத்தி 2019 ஜனவரியில் கைவிடப்பட்டது. 2025 மார்ச்சில் அதன் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால், ஊரெங்கும் அந்தக் கருவிகள் சில நாள் முடங்கின. ஆகவே வைஃபை கருவி வாங்குபவர் புளூடூத்தும் சேர்ந்த ஒன்றாகப் பார்த்து வாங்குவது நல்லது.

ஆம்ப்ளிபையரே கெட்டிருந்தால் புளூடூத் உள்ளடங்கிய சிறிய ஆம்ப்ளிபையர்கள் கிடைக்கின்றன. ஸ்பீக்கரின் பின்புறம் 4 ஓம் அல்லது 8 ஓம் என்று போட்டிருக்கும். ஆம்ப்ளிபையர் தாங்கும் குறைந்தபட்ச ஓம் அளவைவிட ஸ்பீக்கரின் ஓம் குறையக் கூடாது. குறைந்தால் ஆம்ப்ளிபையர் சூடேறிக் கருகும்.

3. எந்தத் துளையில் செருகுவது?

ஆம்ப்ளிபையரின் பின்புறத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஜோடித் துளைகள் இருக்கும். சிவப்பு வலது, வெள்ளை இடது. 'ஆக்ஸ்', 'லைன் இன்', 'சிடி', 'டேப் பிளே' ஆகிய எதிலும் செருகலாம். 'டேப் ரெக்' என்பது பாட்டு வெளியே போகும் துளை. அதில் செருகினால் சத்தமே வராது. 'போனோ' என்பது இசைத்தட்டு பிளேயருக்கானது. அதில் செருகினால் பாட்டு இரைந்து சிதையும். 'மைக்' துளையும் ஆகாது.

இணைக்கும்போது செட்டை அணைத்துவிடுங்கள். பிறகு வால்யூமை அடியில் வைத்துத் தொடங்குங்கள். செல்போன் சத்தத்தை முக்கால் பங்குக்கு மேல் வைத்து, கூட்டுவதையும் குறைப்பதையும் ஆம்ப்ளிபையரில் செய்தால் இரைச்சல் குறையும்.

"ம்ம்ம்" என்று ரீங்காரம் கேட்டால் ரிசீவரை வேறு சார்ஜரில் மாட்டிப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்னும் சிறு பொருளை வயரின் நடுவில் இணைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

4. கடையில் வைத்தால்

கல்லாவில் பணம் வந்த செய்தி சொல்லும் செல்போனை ஸ்பீக்கரோடு இணைக்காதீர்கள். அழைப்பு மணியும், பணவரவுச் செய்தியும் கடை முழுக்க ஒலிக்கும். வரவு எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். நீங்கள் குடோனுக்குப் போனால் பாட்டும் நின்றுவிடும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய செல்போன் ஒன்றைப் பாட்டுக்கென்றே ஒதுக்குங்கள்.

5. பாட்டுக்கும் உரிமையாளர் உண்டு

இதுதான் வணிகர்கள் கவனிக்காமல் விடும் இடம். வீட்டில் குடும்பத்தோடு கேட்பது வேறு. வாடிக்கையாளர் கேட்கக் கடையில் போடுவது வேறு. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி பொதுமக்கள் கேட்கும்படி பாட்டை ஒலிக்கச் செய்ய உரிமையாளரின் லைசென்ஸ் வேண்டும். மாதச் சந்தா கட்டுவதால் இந்த உரிமை கிடைத்துவிடாது. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளின் நிபந்தனையே சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்பதுதான்.

"பழைய பாட்டுதானே" என்ற எண்ணமும் தவறு. ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். பாடல் வரிக்கும் இசைக்கும் தனித்தனி உரிமை உண்டு. அவை படைத்தவரின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் தொடரும். சமயச் சடங்குகளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அன்றாடம் கடையில் ஓடும் பாட்டுக்கு அதைக் காட்டித் தப்ப முடியாது.

எனவே கடையில் பாட்டு வேண்டும் என்பவர் முறைப்படி லைசென்ஸ் பெறுவதே பாதுகாப்பு. கட்டணம் கேட்டு யாராவது வந்தால் பதறிப் பணம் கொடுத்துவிட வேண்டாம், விரட்டவும் வேண்டாம். எந்தப் பாடல்களுக்கு, எந்த உரிமையின் பேரில் கேட்கிறார் என்பதற்கு எழுத்து மூலம் ஆதாரம் கேளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள்.

பரணில் கிடக்கும் செட்டை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கித் துடைத்துப் பாருங்கள். வீட்டுக் கூடத்தில் பாட்டுக் கேட்க எந்த லைசென்ஸும் வேண்டாம். கடை அடைத்து வந்தபின் கிடைக்கும் ஒரு மணி நேர ஓய்வுக்கு அந்தப் பழைய ஸ்பீக்கர் இன்னும் பல வருஷம் உழைக்கும்.