விடை முன்பே தெரியாத சோதனைகள்

இளநிலை இயற்பியல் படிப்பின் நவீன இயற்பியல் செய்முறைகளில் மாணவரைத் தடுமாற வைப்பது கருவிகளின் விலையோ கோட்பாட்டின் கடினமோ அன்று. சோதனையின் விடை பாடநூலில் ஏற்கெனவே அச்சாகியிருப்பதும், அந்த விடைக்கு அருகில் போய் நிற்பதே சோதனையின் நோக்கம் என்று அவர் கருதிவிடுவதுமே ஆகும். பிளாங்க் மாறிலியின் மதிப்பு 6.626 × 10⁻³⁴ ஜூல் வினாடி என்று படித்தவருக்கு அளவீடு 5.1 என்று வந்துவிட்டால், அப்சர்வேஷன் நோட்டில் ஓர் எண் அழிபடுவதும், ரெக்கார்டு நோட்டுக்கு ஏறும்போது அது 6.5 ஆகிவிடுவதும் ஆய்வகங்களில் நின்று பழகிய எவரும் அறிந்த வழக்கம். இத்தனைக்கும் 2019 மே 20 முதல் அந்த மாறிலி அளந்து அறிய வேண்டிய எண்ணாகவே இல்லை. கிலோகிராமை வரையறுக்கும் பொருட்டு அதன் மதிப்பு 6.62607015 × 10⁻³⁴ என்று பன்னாட்டு உடன்பாட்டால் நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே இன்று கல்லூரி மாணவர் அளப்பது இயற்கையின் மாறிலியை அன்று, தம் கருவியும் முறையும் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பதையே, 5.1 என்ற எண் அந்த வகையில் 6.5 என்ற எண்ணைவிட அதிகம் பேசக்கூடியது.

ஒளிமின் விளைவுச் சோதனையை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். உலோகப் பரப்பில் ஒளி விழும்போது வெளியேறும் எலக்ட்ரான்களைத் தடுத்து நிறுத்தப் போதுமான எதிர் மின்னழுத்தம் நிறுத்து மின்னழுத்தம் எனப்படும். ஒளியின் அதிர்வெண் கூடக்கூட அதுவும் நேர்கோட்டில் கூடும் என்பதையும், அக்கோட்டின் சரிவிலிருந்து பிளாங்க் மாறிலி கிடைக்கும் என்பதையும் ராபர்ட் மில்லிகன் 1916இல் நுட்பமான அளவீடுகளால் நிறுவினார். ஐன்ஸ்டைனின் விளக்கத்தை நம்பாமலே சோதனையைத் தொடங்கியவர் அவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. கல்லூரிகளில் பெரும்பாலும் பாதரச விளக்குக்குப் பதிலாக டங்ஸ்டன் பல்பும் வண்ணக் கண்ணாடி வடிகட்டிகளும் பயன்படுகின்றன. வடிகட்டி ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் விடுவதில்லை, ஒரு பட்டையையே விடுகிறது. மின்னோட்டத்தை முழுதும் நிறுத்தும் அழுத்தத்தைத் தீர்மானிப்பதோ அப்பட்டையின் நடுவில் உள்ள அலைநீளம் அன்று, அதன் வழியே நழுவிவரும் மிகக் குறுகிய அலைநீளம். இதனுடன், கேத்தோடின் பொருள் ஆனோடில் படிந்திருந்தால் அங்கிருந்தும் எலக்ட்ரான்கள் எழுந்து ஒரு சிறு பின்னோட்டத்தைத் தரும். இவ்விரண்டில் ஒவ்வொன்றும் விடையை எப்போதும் தனக்குரிய ஒரு பக்கமாகவே இழுக்கும் முறைசார் பிழை. அளவீட்டை எத்தனை முறை திரும்பச் செய்தாலும் இவை குறையா. எனவே சராசரி எடுப்பதில் காட்டும் உழைப்பை, மின்னோட்டம் பூச்சியத்தை அணுகும் பகுதியில் நெருக்கமாக அளவுகள் எடுத்து வளைவு எங்கே வளைகிறது என்று பார்ப்பதில் காட்டுவது பயன் தரும். அளவுகள் முழுவதையும் எடுத்து முடித்த பிறகு வரைபடத் தாளைத் தேடாமல், ஒவ்வொரு புள்ளியையும் எடுத்த உடனே குறித்துக்கொண்டு போகிறவருக்கே, தவறிய புள்ளியைக் கருவி இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் அளக்கும் வாய்ப்புக் கிட்டுகிறது.

இதே மாறிலியை எல்.இ.டி. விளக்குகளைக் கொண்டும் குறைந்த செலவில் காணலாம். 630 நானோமீட்டர் சிவப்பு விளக்கு ஏறத்தாழ 1.97 வோல்ட்டிலும், 470 நானோமீட்டர் நீல விளக்கு 2.64 வோல்ட்டிலும் ஒளிரத் தொடங்க வேண்டும் என்று எளிய கணக்குச் சொல்கிறது. ஆனால் ‘ஒளிரத் தொடங்கும்’ கணத்தைக் கண்ணால் முடிவுசெய்தால் ஆளுக்கு ஆள் விடை மாறும் என்பதால், மின்னோட்ட வளைவின் நேரான பகுதியைப் பின்னோக்கி நீட்டி அழுத்தத்தைக் காண்பதே ஏற்றது. வெள்ளை விளக்கை இதற்கு எடுக்கக் கூடாது, அது நீல ஒளியின் மேல் பூசிய ஒளிர்பொருளால் வெண்மையாகத் தெரிவது. இன்னொரு செய்முறையான பிராங்க்–ஹெர்ட்ஸ் சோதனையில், அணுக்கள் ஆற்றலைக் குறிப்பிட்ட அளவுகளிலேயே ஏற்கின்றன என்பதைக் காட்டும் மின்னோட்ட முகடுகளில், முதல் முகட்டின் இடத்தை விடையாக எழுதும் பிழை அடிக்கடி நேர்கிறது. உலோகங்களுக்கு இடையிலான தொடு மின்னழுத்தம் முகடுகள் அனைத்தையும் ஒரே அளவு தள்ளிவிடுவதால், அடுத்தடுத்த முகடுகளின் இடைவெளியே கணக்கில் கொள்ளத்தக்கது.

நூலில் விடை இல்லாத சோதனை என்று ஒன்றைத் தேடினால், அது ஜி.எம். கவுண்ட்டரில் கிடைக்கிறது. வாயு நிரப்பிய குழாயின் வழியே கதிர்த் துகள் செல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பைத் தரும் இக்கருவி, அருகில் கதிரியக்கப் பொருள் ஏதும் இல்லாதபோதும் எண்ணிக்கொண்டே இருக்கும். தரைப் பாறையிலிருந்தும் சுவரிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் இந்தப் பின்னணி எண்ணிக்கை தேனி மாவட்டத்தின் சுருளிப்பட்டியில் மலையடிவாரத்து வீடொன்றில் எவ்வளவு, கம்பத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் எவ்வளவு என்பது எந்த நூலிலும் இல்லை. அளந்தவருக்கே தெரியும். சீரற்று நிகழும் நிகழ்வுகளை எண்ணும்போது எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் இயல்பான ஏற்றத்தாழ்வு. 100 எண்ணினால் 10, அதாவது பத்து விழுக்காடு. 10,000 எண்ணினால் 100, அதாவது ஒரு விழுக்காடு. ஒரே இடத்தில் அடுத்தடுத்த நிமிடங்களில் 23, 31, 26 என்று வருவதைக் கண்டு கருவி பழுது என்று மாணவர் சொல்வதுண்டு. உண்மையில் மூன்று முறையும் 26 என்றே வந்தால்தான் ஐயப்பட வேண்டும்.

இச்சோதனைக்கான கதிர்மூலத்தைக் கம்பம் பள்ளத்தாக்கில் உரக்கடையிலேயே வாங்கலாம். வாழைக்கும் தென்னைக்கும் இடும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் உரம் பெரும்பகுதி பொட்டாசியம் குளோரைடு. இயற்கைப் பொட்டாசியத்தில் 0.0117 விழுக்காடு மட்டுமே உள்ள பொட்டாசியம்–40 என்னும் கதிரியக்க வகை, ஏறத்தாழ 125 கோடி ஆண்டு அரை ஆயுளுடன், அதாவது அத்தனை காலத்தில் பாதியாகக் குறையும் வேகத்தில், சிதைந்துகொண்டிருக்கிறது. ஒரு கிராம் பொட்டாசியத்தில் வினாடிக்கு 31 சிதைவுகள் நிகழ்கின்றன. மெல்லிய அபிரகச் சாளரம் கொண்ட குழாயின் கீழே தட்டையான கிண்ணத்தில் உரத்தைப் பரப்பி, அடுக்கின் தடிமனைக் கூட்டிக்கொண்டே போனால், எண்ணிக்கை முதலில் ஏறிச் சில மில்லிமீட்டருக்குப் பின் ஏறாமல் நிற்கும். அடியில் பிறக்கும் பீட்டா துகள்களை மேலே உள்ள உரமே விழுங்கிவிடுவதுதான் காரணம். எண்ணிக்கை குறைவாக இருப்பதால் ஒவ்வோர் அளவுக்கும் நீண்ட நேரம் கொடுக்க வேண்டும் என்பதும், பின்னணியைத் தொடக்கத்தில் மட்டுமன்றி இறுதியிலும் அளக்க வேண்டும் என்பதும் இதில் தாமாகவே பிடிபடும். கல்லூரியில் கோபால்ட்–60 வட்டு இருந்தால், அதன் மேல் எழுதிய வலிமையை அப்படியே கணக்கில் இடாமல் தேதியைப் பார்க்க வேண்டும், 5.27 ஆண்டு அரை ஆயுள் கொண்ட அது பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 27 விழுக்காடாகச் சுருங்கியிருக்கும்.

வானத்திலிருந்து வரும் பங்கைப் பிரித்தறிய இரண்டு கவுண்ட்டர்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, இரண்டும் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் எண்ணும் உடனிகழ்வுச் சுற்றை இணைக்க வேண்டும். அப்போது எஞ்சுபவை பெரும்பாலும் மியூவான்கள். அண்டக் கதிர்கள் மேல்வளிமண்டலத்தில் மோதுவதால் தோன்றி, 2.2 மைக்ரோவினாடி சராசரி ஆயுளே கொண்ட, எலக்ட்ரானைவிடக் கனமான துகள்கள். தேனி மாவட்டத்துக்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நியூட்ரினோ என்னும் துகளை ஆராயத் திட்டமிட்ட ஆய்வகத்துக்கு நீலகிரியின் சிங்காரா மறுக்கப்பட்ட 2009இல், மாற்றிடமாகச் சுற்றுச்சூழல் அமைச்சகம் முன்வைத்தது சுருளி அருவிப் பகுதியை. அது அடர்ந்த காப்புக்காடு என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியதை அடுத்து, 2010இல் பொட்டிப்புரத்தை ஒட்டிய போடி மேற்கு மலை தெரிவாயிற்று. மலையைக் குடைய நினைத்ததன் இயற்பியல் காரணம், நியூட்ரினோவைத் தேடும் கருவியை மியூவான்களின் இரைச்சலிலிருந்து மறைக்க எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பாறை வேண்டும் என்பதே. மக்கள் எதிர்ப்பும் வழக்குகளும் சூழ்ந்த அத்திட்டத்தின் நியாய அநியாயம் தனியே பேசத்தக்கது. அங்கே இரைச்சல் எனப்பட்டதே இளநிலை மாணவருக்குப் பாடப்பொருள்.

மியூவான்களை இரு உயரங்களில் எண்ணி ஒப்பிடச் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலை வாய்ப்பானது. ஒளிவேகத்தை ஒட்டிச் செல்லும் மியூவான் 1,000 மீட்டர் இறங்க 3.3 மைக்ரோவினாடி ஆகும். சார்பியலின் கால நீட்சி இல்லையெனில் மேலே இருந்தவற்றில் 22 விழுக்காடே கீழே வந்துசேர வேண்டும். அளந்தால் அதைவிட மிக அதிகமானவை பிழைத்து வருவது தெரியும். இங்கும் தேவைப்படுவது பொறுமையே: பள்ளத்தாக்கில் நிமிடத்துக்கு 10, மலையில் 12 என்று வைத்துக்கொண்டால், பத்து நிமிட எண்ணிக்கைகளின் வேறுபாடு 20, அதன் ஐயம் 15, எதையும் நிறுவாது. நூறு நிமிடம் எண்ணினால் வேறுபாடு 200, ஐயம் 47, நம்பலாம். இரண்டு இடத்திலும் குழாய்களின் இடைவெளி மாறாதிருக்க வேண்டும். கூரையின் தடிமனையும் காற்றழுத்தத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். மலைக்குப் போக வாகனம் அமையாத கல்லூரி, அதே இணையைச் சாய்த்து வைத்துப் பார்க்கலாம். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்த்தால் எண்ணிக்கை ஏறத்தாழக் கால்பங்காகும்.

செய்முறைத் தேர்வில் மதிப்பெண் வழங்குவோர், விடை பாடநூலோடு ஒத்திருப்பதற்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியையேனும், விடையின் அருகே மாணவர் காரணத்தோடு எழுதும் ஐய அளவுக்கு மாற்ற வேண்டும். அப்சர்வேஷன் நோட்டில் தவறிய எண்ணை அழிக்காமல் ஒற்றைக் கோடிட்டு விட்டவருக்கு அதற்காக ஒரு மதிப்பெண்கூடக் குறைக்கலாகாது.