இணையத் தகவலும் அதன் மூலமும்

மாணவர்களே, “இணையத்தில் பெற்ற தகவலின் நம்பகத்தன்மையை எவ்வாறு உறுதிப்படுத்துவீர்?” என்று கேட்டால், பலர் “பல இணையத்தளங்களை ஒப்பிட்டுப் பார்ப்பேன்” என ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறீர்கள். விடை பிழையன்று, ஆனால் போதாது. ஏன் என்பதை எமது கடலை வைத்தே பார்ப்போம்.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிப் பக்கமாகச் செல்லும் மணல் தீடைகளை அறிவீர்கள். ஆதாம் பாலம், இராமர் பாலம் எனப்படுபவை இவையே. 2002 இல் இவற்றின் விண்வெளிப் படம் ஒன்று இணையத்தில் பரவியது. கூடவே ஒரு செய்தி: இது மனிதர் கட்டிய பாலம், வயது 17 இலட்சத்து 50 ஆயிரம் ஆண்டுகள், கண்டுபிடித்தது நாசா.

பத்துத் தளங்களைத் திறந்தாலும் இதே வசனம், இதே எண். ஒப்பிட்டுப் பார்த்தவர் “சரி” என்றே முடிவுசெய்வார். ஆனால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியிருந்தால்? பார்த்தெழுதிய பத்து விடைத்தாள்களைப் பரீட்சகர் பத்துப் பேரின் விடையாக ஏற்பாரா? பத்தும் சேர்ந்து ஒரு சாட்சிதான்.

ஆகவே மூலத்துக்குப் போகவேண்டும். நாசா உண்மையில் என்ன சொன்னது? படம் தம்முடையது, அதற்குக் கொடுக்கப்பட்ட விளக்கம் தம்முடையதன்று என்றே நாசா தரப்பு கூறியது. விண்வெளியிலிருந்து எடுத்த படத்தை மட்டும் வைத்து ஒரு தீவுத்தொடரின் வயதையோ தோற்றத்தையோ, அதில் மனிதர் பங்கு இருந்ததா என்பதையோ சொல்லமுடியாது என்றும் விளக்கியது. படம் ஒருவருடையது, அதன் கீழுள்ள வாசகம் இன்னொருவருடையது. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். (இராமாயணத்தில் ஒருவருக்குள்ள நம்பிக்கை இங்கு வினாவன்று. நாசா அப்படிச் சொன்னதா என்பதே வினா.)

எண்ணையும் சோதிக்கலாம். எமது மனித இனத்தின் மிகப் பழைய எச்சங்களாகக் கருதப்படுபவை மொரோக்கோவில் கிடைத்தவை. ஏறக்குறைய 3 இலட்சம் ஆண்டுகள் பழையவை என 2017 இல் அறிவிக்கப்பட்டது. அப்படியிருக்க 17.5 இலட்சம் என்றால், யார், எந்த முறையால் கணித்தார் என்று கேட்கத் தோன்றவேண்டும்.

நானும் இதில் தப்பவில்லை. ரியூசன் தொடங்கிய புதிதில் அந்த எண்ணை அப்படியே குறிப்பில் அச்சடித்துக் கொடுத்தேன். ஒரு மாணவி அதைத் தன் ஒப்படையில் எழுத, “ஆதாரம்?” என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார்கள். கொப்பியோடு என்னிடம் வந்தாள். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. பிழை என்னுடையது, புள்ளி போனது அவளுக்கு.

வேறுபடும் எண்கள் எல்லாம் பொய் என்றும் நினைக்கவேண்டாம். தீடைத் தொடரின் நீளம் ஓரிடத்தில் 30 கி.மீ., இன்னோரிடத்தில் 48 கி.மீ. என்று இருக்கும். எங்கிருந்து எதுவரை அளந்தார்கள் என்று பாருங்கள்.

விடையில் எழுதவேண்டியவை: எழுதியவர் அல்லது நிறுவனம், வெளியான திகதி, மூலம், அம்மூலம் உண்மையில் கூறுவது, ஒன்றிலிருந்து ஒன்று பிரதிசெய்யாத வேறொரு தளம்.

பயிற்சி: பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் வயதைத் தேடுக. “பெருக்கமரம்” எனவும் “பாவோபாப்” என ஆங்கிலத்திலும் தேடுக, கிடைப்பவை வேறுபடும். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, அது எவ்வாறு கணிக்கப்பட்டது எனக் கூறப்பட்டுள்ளதா என்பதைக் குறிக்க. கூறப்படாவிட்டால் “கூறப்படவில்லை” என்றே எழுதுக.