கண்ணுக்குத் தெரியாத நோயும் காப்புறுதிக் கோப்பும்

ஸ்காபரோ

அன்புள்ள பெறாமகளுக்கு,

உன்னுடைய நீண்டகால இயலாமைக் கொடுப்பனவுக்கு அனுமதி வந்துவிட்டதென்று அம்மா சொன்னா. நல்லது. ஆனால் அது நிரந்தரம் என்று நினைத்துவிடாதே. காப்புறுதி நிறுவனம் இனிமேல்தான் உன் கோப்பை அடிக்கடி திறந்து பார்க்கும். கை முறிந்தவருக்கு எக்ஸ்ரே சாட்சி சொல்லும். ஃபைப்ரோமயால்ஜியாவுக்கும் நாட்பட்ட களைப்பு நோய்க்கும் அப்படியொரு படம் கிடையாது. உனக்காகப் பேசப்போவது அந்தக் கோப்புத்தான்.

நோயின் பெயருக்கு நிறுவனம் காசு கொடுப்பதில்லை. அந்த நோயால் எந்த வேலையை உன்னால் செய்ய முடியவில்லை என்பதற்கே கொடுக்கிறது. "மிகவும் களைப்பாக இருக்கிறார்" என்று வைத்தியர் எழுதினால் அது போதாது. "20 நிமிடத்துக்கு மேல் திரையில் வாசித்தால் மனதில் நிற்பதில்லை, ஒரு மணித்தியாலம் இருந்து வேலை செய்தால் மறுநாள் எழும்ப முடியவில்லை" என்று எழுதினால் அதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். வைத்தியருக்கு இதையெல்லாம் கேட்டெழுத நேரமிருக்காது. நீயே குறித்துக்கொண்டு போ. என்ன செய்தாய் என்பதோடு அடுத்த இரண்டு நாளும் எப்படி இருந்தாய் என்பதையும் எழுது. களைப்பு நோயில் அடி பெரும்பாலும் பிந்தித்தான் விழும்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். யார் சுகம் கேட்டாலும் "பரவாயில்லை, இருக்கிறன்" என்போம், வைத்தியரிடமும் அதுதான். அவர் "நலமாக இருக்கிறார்" என்று பதிந்துவிடுவார். சில மாதம் கழித்து நிறுவனத்தின் கேஸ் மனேஜர் அதை உனக்கே வாசித்துக் காட்டுவார். அந்த மரியாதைப் பதிலைக் கலியாண வீட்டோடு வைத்துக்கொள். அதற்காகக் கூட்டியும் சொல்லாதே. "சமைக்கவே முடியாது" என்று படிவத்தில் எழுதியவள் ஒருநாள் தேங்காய் துருவினாலும் பொய்க்காரியாகிவிடுவாள். "கிழமையில் இரண்டு நாள் முடியும், மற்ற நாளில் முடியாது" என்று எழுது. ஒளிப்பதிவு வந்தாலும் அந்த வசனத்தை உடைக்க முடியாது.

ஒளிப்பதிவு என்று பகிடிக்குச் சொல்லவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வங்கி வரவேற்பாளராக இருந்த கொனி ஃபிட்லருக்கும் இதே நோய்கள்தான். மறைவாக எடுத்த ஒளிப்பதிவைக் காட்டிச் சன் லைஃப் காப்புறுதி நிறுவனம் அவருடைய கொடுப்பனவை நிறுத்தியது. அவரால் வேலை செய்ய முடியும் என்பதற்கு மருத்துவச் சான்று எதுவும் அதனிடம் இருக்கவில்லை. அவர் போட்ட வழக்கின் விசாரணை தொடங்கும் தறுவாயில்தான் நிலுவையைக் கட்ட ஒப்புக்கொண்டது. மன உளைச்சலுக்கான 20,000 டொலர் நட்டஈட்டைக் கனடிய உச்ச நீதிமன்றம் 2006இல் உறுதிசெய்தது. வென்றார்தான், ஆனால் வருடக்கணக்கில் கொடுப்பனவில்லாமல் இருந்த பிறகு. அந்த வெற்றியை நம்பி அசட்டையாக இருக்க முடியாது.

பெரும்பாலான குழுக் காப்புறுதிகளில் முதல் 24 மாதமும் உன் சொந்த வேலையைச் செய்ய முடியாதிருந்தால் போதும். அதன்பின் உன் படிப்புக்கும் அனுபவத்துக்கும் பொருந்திய எந்த வேலையும் முடியாது என்று காட்டவேண்டும். கொடுப்பனவுகள் பெருமளவில் வெட்டுப்படுவது இந்த இடத்தில்தான். 18ஆம் மாதத்திலேயே நிபுணரின் புதிய அறிக்கைக்கு ஏற்பாடு செய். சிகிச்சையைக் காரணமில்லாமல் விடாதே. படிப்படியாக வேலைக்குத் திரும்பச் சொன்னால் எடுத்தெறிந்து பேசாமல், எவ்வளவு வேகத்தில் முடியும் என்று வைத்தியரிடம் எழுத்தில் வாங்கு. கனடா ஓய்வூதியத் திட்டத்தின் இயலாமைப் பணத்துக்கும் விண்ணப்பிக்கச் சொல்வார்கள். அது கிடைத்தால் உன் காப்புறுதிக் கொடுப்பனவில் கழிப்பார்கள், கூடக் கொடுத்ததைத் திருப்பியும் கேட்பார்கள். ஆகவே அப்படி வந்த பணத்தைச் செலவழித்துவிடாதே.

கொடுப்பனவை நிறுத்தும் கடிதம் வந்தால் அதன் திகதியை உடனே குறித்துவை. ஒன்ராறியோவில் வழக்குப் போடப் பொதுவாக 2 வருடம்தான். நிறுவனத்துக்குள்ளேயே மேன்முறையீடு நடக்கிறது என்பதற்காக அந்தக் காலம் நிற்கும் என்று நம்பியிராமல், முதல் மாதத்திலேயே ஒரு சட்டத்தரணியைப் பார்.

இந்தக் கிழமையே வேலைத்தலத்தில் உன் காப்புறுதிக் கையேட்டின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்கி, "இயலாமை" என்பதற்கு அவர்கள் எழுதியிருக்கும் வரைவிலக்கணத்தை வாசி. விளங்காவிட்டால் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா