மகன் வரும்வரை காத்திருக்கலாமா?

ஜொகூர் மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர், இன்று சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸ் தொழிற்பேட்டையில் பணிபுரிகின்றனர். 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இரண்டாம் பாலம், தஞ்சோங் குப்பாங்கையும் துவாசையும் இணைக்கின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர்தான். ஆயினும், வீட்டில் தாயோ தந்தையோ புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுவரும் காலத்தில், அச்சிறு தொலைவே பெருந்தொலைவாகிவிடுகின்றது.

இதனை நாம் கண்கூடாகக் கண்டோம். கோவிட்-19 பரவலின்போது, 2020 மார்ச் 18இல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. நாள்தோறும் பாலத்தைக் கடந்து சென்றவர்கள் பலர் அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. தரைவழி எல்லை முழுமையாகத் திறக்கப்பட்டது 2022 ஏப்ரல் 1இல்தான். எல்லை திறந்திருக்கும் இந்நாளிலும், இரவு வேலையில் இருப்பவர் நினைத்தவுடன் வீடு திரும்ப இயலுவதில்லை. எனவே, "மகன் வரட்டும், பிறகு மருத்துவமனைக்குப் போகலாம்" என்று காத்திருக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். அதற்கான காரணத்தை அறிந்துகொள்வோம்.

காய்ச்சல் ஏன் ஆபத்தானது?

கீமோதெராபி எனப்படும் மருந்துச் சிகிச்சை, விரைந்து பெருகும் புற்றணுக்களை அழிக்கின்றது. அதே வேளையில், எலும்பு மச்சையில் உருவாகும் வெள்ளை அணுக்களையும் அது குறைத்துவிடுகின்றது. நலமுள்ளவர் உடலில், ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருக்கும். அவற்றுள் கிருமிகளை முதலில் எதிர்த்து நிற்பவை நியூட்ரோபில் அணுக்கள். இவை 500க்குக் கீழே இறங்கினால், சிறு கிருமியும் உயிருக்கு உலைவைக்கக்கூடும். மருந்து ஏற்றிய 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை, பெரும்பாலும் இவ்வணுக்கள் மிகவும் குறைந்திருக்கும்.

ஆதலால், அந்நாள்களில் வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் அன்று. வெப்பமானி 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் காட்டினால், பகலாயினும் இரவாயினும் உடனே புறப்பட வேண்டும். பெனடோல் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்ப்பது தவறு. அம்மாத்திரை சூட்டைத் தணிக்குமேயன்றிக் கிருமியை அழிக்காது. மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்திற்குள் நோய்க்கிருமிக் கொல்லி மருந்தை நரம்பில் ஏற்றத் தொடங்குவதே மருத்துவர்களின் நோக்கம். வெட்டுப்பட்டையில் நோய் கண்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நாம் மரத்தை விட்டுவிடுவதில்லை அல்லவா?

முதியவர்கள் சிலருக்குக் காய்ச்சல் இல்லாமலும் கிருமித் தொற்று ஏற்படுவதுண்டு. குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல், மனக்குழப்பம், நிற்காத இரத்தக் கசிவு, ஓயாத வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு ஆகியவையும் அவசர அறிகுறிகளே.

வீட்டில் உள்ளோர் செய்ய வேண்டியவை

ஜொகூர் பாருவிலுள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் சிகிச்சை பெறுவோர் பலர். எனினும் அவசர வேளையில் அவ்வளவு தூரம் செல்ல வேண்டுமென்பதில்லை. அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லலாம். 999 எண்ணை அழைக்கலாம். சென்றவுடன், "இவர் கீமோதெராபி பெறுபவர், கடைசியாக மருந்து ஏற்றியது இன்ன தேதியில்" என்று முதலில் கூற வேண்டும். சிகிச்சை அட்டையைக் கையோடு கொண்டுசெல்வது நன்று. கஷாயம், நாட்டு மருந்து ஏதேனும் உட்கொண்டிருந்தால் அதனையும் மறைக்கலாகாது. வாகன வசதியுள்ள அண்டை வீட்டார் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் நள்ளிரவில் தடுமாற நேராது.

தொலைவில் உள்ளோர் செய்ய வேண்டியவை

"எப்படி இருக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டால், "ஒன்றுமில்லையப்பா, நீ கவலைப்படாதே" என்ற விடைதான் வரும். பிள்ளையின் வேலைக்கு இடையூறு வரலாகாதென்று பெற்றோர் நோயை மறைப்பது இயல்பு. ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். இன்று வெப்பமானி என்ன காட்டியது? எத்தனை முறை சாப்பிட்டீர்கள்? வாயில் புண் உண்டா? சிறுநீர் நன்றாகப் போகிறதா?

தீப்பற்றும் பொருள்களைக் கையாளும் ஆலைகளில், கைத்தொலைபேசியை உள்ளே கொண்டுசெல்லத் தடை இருப்பதுண்டு. அவ்வாறாயின் மேற்பார்வையாளரின் எண்ணையும் வீட்டில் கொடுத்து வையுங்கள். மருந்து ஏற்றிய தேதியை நாள்காட்டியில் குறித்து, 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை தவறாது பேசுங்கள். "காய்ச்சல் கண்டால் முதலில் மருத்துவமனைக்குப் போங்கள், பிறகு எனக்குச் சொல்லுங்கள்" என்று பெற்றோரிடம் தெளிவாகக் கூறிவிடுங்கள். பிள்ளை அக்கரையில் இருந்தபடியே செய்யக்கூடிய பேருதவி இதுவே.

வீட்டுப் பயிற்சி

கீழ்க்காணும் வினாக்களுக்குரிய விடைகளை ஒரு தாளில் எழுதி, வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். அதன் படி ஒன்று துவாசில் இருக்கும் பிள்ளையின் கையிலும் இருக்கட்டும்.

1. கடைசியாக மருந்து ஏற்றிய தேதி எது? அதன் 7ஆம் நாளும் 14ஆம் நாளும் எவை?
2. வீட்டில் வெப்பமானி எங்கே இருக்கின்றது? அதனைப் பார்க்கத் தெரிந்தவர் யார்?
3. இரவில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர் யார்? அவருடைய தொலைபேசி எண் என்ன?