மூடும் காயமும் மூடாத காயமும்

தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடை என்னும் கடலோர ஊர் உள்ளது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் 1973-ஆம் ஆண்டில் அங்கே முத்துச் சிப்பியினுள் உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினர். சிப்பியின் உடலில் சிறு கீறல் இட்டு, சிப்பி ஓட்டினால் ஆன மணியையும் வேறொரு சிப்பியின் மென்தோல் துண்டையும் உள்ளே வைப்பார்கள். கீறல் ஆறி மூடிக்கொள்ளும். மணியைச் சுற்றி முத்து வளரும்.

கீறல் மூடாமலே இருந்தால்? கடல்நீரிலுள்ள கிருமிகள் உள்ளே புகுந்துவிடும் அல்லவா? இதய மருத்துவர்களுக்கும் இதே கவலைதான்.

இதயத்திற்கு ஒரு பம்பு

சிலருக்கு இதயம் மிகவும் நலிந்து, உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்த இயலாமற் போகிறது. அவர்களுக்கு நெஞ்சினுள் ஒரு சிறிய பம்பைப் பொருத்துகிறார்கள். அது இடது கீழறையிலிருந்து இரத்தத்தை எடுத்து மகாதமனிக்குள் செலுத்துகிறது. சென்னை மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது.

பம்பு ஓடச் சுமார் 5 வாட் மின்சாரம் வேண்டும். இடுப்பில் சுமக்கும் மின்கலத்திலிருந்து வரும் கம்பி, வயிற்றுத் தோலைத் துளைத்து உள்ளே செல்கிறது. கம்பி இருக்கும்வரை அத்துளை மூடாது. அதன் வழியே கிருமிகள் நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. முத்துக்குளித்துறையில் பிறந்தவரானாலும், இக்கம்பியோடு கடலில் இறங்கி நீந்த முடியாது.

துளையில்லாமல் மின்சாரம்

மின்காந்தத் தூண்டலை ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். ஒரு கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்ந்தால், அருகிலுள்ள மற்றொரு சுருளிலும் மின்சாரம் தோன்றும். இடையே தோல் இருப்பினும் காந்தப்புலம் ஊடுருவிச் செல்லும். எனவே ஒரு சுருளைத் தோலுக்கு வெளியிலும் மற்றொன்றை உள்ளேயும் வைத்தால் துளையே தேவையில்லை!

அப்படியானால் ஏன் எல்லோருக்கும் இம்முறை வரவில்லை? ஒரு கணக்குப் போடுவோம். உள்ளே 5 வாட் வேண்டும். வெளியிலிருந்து அனுப்புவதில் 80 சதவீதமே பயன்படுகிறது என்க. அப்போது 6.25 வாட் அனுப்ப வேண்டும். வீணாகும் 1.25 வாட் வெப்பமாக மாறும். அதில் ஒரு பங்கு உடலுக்குள்ளேயே தங்கும். உடலில் பொருத்தும் கருவியின் மேற்பரப்பு, உடல் வெப்பத்தைவிட 2 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகலாகாது. உறக்கத்தில் புரண்டு சுருள்கள் விலகினாலோ இழப்பு மேலும் கூடும். ஆதலால் உள்ளேயும் ஒரு மின்கலம் துணைக்கு வேண்டும்.

1999-இல் ஜெர்மனியிலும் 2001-இல் அமெரிக்காவிலும் இம்முறையில் இயங்கும் கருவிகளை நோயாளிகளுக்குப் பொருத்தினர். அவை பருமனானவை, நிலைக்கவில்லை. 2018-இல் கசக்ஸ்தானில், மார்பைச் சுற்றி அணியும் சுருளைக் கொண்டு சிறிய பம்பை இயக்கிப் பார்த்தனர். பெரிய சுருள் என்பதால் சற்று அசைந்தாலும் மின்சாரம் தடைப்படுவதில்லை. ஆயினும் இன்றும் பெரும்பாலான நோயாளிகள் கம்பியையே நம்பியுள்ளனர்.

செய்து பாருங்கள்

கம்பியின்றிச் சார்ஜ் ஏற்றும் தட்டு வீட்டில் இருந்தால், அதன்மேல் ஒரு தாளை விரித்துக் கைப்பேசியை வையுங்கள். பிறகு தாள்களை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். எத்தனையாவது தாளில் சார்ஜ் ஏறுவது நிற்கிறது? கைப்பேசியைப் பக்கவாட்டில் நகர்த்தினால் என்ன ஆகிறது? இடையில் உலோகம் எதையும் வைக்காதீர்கள், சூடாகிவிடும். ஏன் சூடாகிறது என்று உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டு அறியுங்கள்.